ரயில் கரியும் கப்பல் கரியும்

நைனாவுக்கு வேலை போனது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் ஏழு வயதுச் சிறுமிக்குத் தினமும் சாயங்காலம் அப்பாவோடு இருக்கக் கிடைத்தால் போதாதா? துறைமுகத்துக்குக் கப்பல் வரத்து குறைந்து, நிலக்கரி இறக்கும் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் வேலையில்லாதவனுக்கு இடமில்லை என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். எதிர் அறைக்காரர் சட்டி பானையோடு தெருவுக்கு வந்ததை நாங்களே பார்த்தோம். அம்மா இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி இருந்தான்.

அதனால் நைனா தினமும் துறைமுகச் சங்கு ஊதியதும், வேலைக்குப் போகிறவர் போலச் சோற்றுத் தூக்கோடு கிளம்பிவிடுவார். தூக்கில் வெறும் கஞ்சித் தண்ணீர். எங்கெங்கோ வேலை கேட்டு அலைந்துவிட்டு, சாயங்காலம் ரயில் பாதையோரம் வந்து உட்காருவார். நான் முன்னதாகவே போய், தண்டவாளங்களுக்கு நடுவில் கிடக்கும் கரியைப் பொறுக்கிக் கல்லால் நுணுக்கி வைத்திருப்பேன். அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, மூட்டை சுமந்தவர் மாதிரி நடந்துவந்து, முற்றத்துக் குழாயடியில் எல்லோரும் பார்க்கக் குளிப்பார். முதுகில் பூசுவது என் பொறுப்பு. அதில் எனக்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு பொரி உருண்டையைக் கொடுத்தார். அவருடைய புருஷனும் கரி சுமந்து செத்தவர்தான். அவருடைய கரித் துணிகளை வருஷக்கணக்கில் துவைத்த கை அது.

"கண்ணு, உங்க நைனா பூசிக்கினு வர்றது ரயில் இஞ்சின்ல எரிஞ்சு வுழுந்த கரி. ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா சாம்பலா ஓடிப்பூடுது. கப்பல் கரின்னா கண்ணோரத்துல மையாட்டம் நிக்கும், எண்ணெ போட்டாத்தான் போவும். மத்த குடித்தனக்காரங்க கண்டுபுடிச்சா, அவனுக்கு மட்டும் இன்னா சலுகைன்னு என்னப் பேஜாரு பண்ணுவாங்க. கண்ணோரத்துல கொஞ்சம் மை தடவிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரம்மா எங்கள் பக்கம்! இனிமேல் யாருக்குப் பயப்பட வேண்டும்? ரயில் பாதைக்கு ஓடினேன். மை தடவ வேண்டும் என்பதையும் சொன்னேன், யார் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

நைனா கையிலிருந்த கரிப்பொடியைக் கீழே கொட்டினார். அன்று எதுவும் பூசாமலே வீட்டுக்கு வந்தார். குழாயடிப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்தம்மாவே இருக்கச் சொல்லுது. உனுக்கு இன்னாய்யா?" என்று அம்மா கெஞ்சினாள்.

"அதுக்குத் தெரியாதுன்னுதானே இத்தினி நாளு அது எதிர்ல தலைய நிமித்திக்கினு நடந்தேன்" என்றார் நைனா.

மறுநாள் காலையிலேயே காலி செய்துகொண்டு வியாசர்பாடிப் பள்ளத்தில் ஒரு குடிசைக்குப் போனோம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும் குடிசை. தம்பி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் பொரி உருண்டையை என்னால் வாயில் வைக்க முடிவதில்லை.

அன்று கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வாசல்வரை ஓடிவந்தார். நைனா நிற்கவில்லை. கடைசியாகப் போன என் கையைப் பிடித்து, "நான் சொன்னேன்னு சொல்லிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, உங்க பேரத்தான் மொதல்ல சொன்னேன்" என்றேன், ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்ட பெருமையோடு.

அவர் முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தலையில் சட்டியோடு நைனாவுக்குப் பின்னால் ஓடினேன்.