சாச்சியின் பெட்டி மூடி

எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஆழமான லோங்காங் ஓடியது. பினாங்கில் சாக்கடைக்கு அதுதான் பெயர். அதன்மேல் கிடந்த பலகை ஒரு மழைக்காலத்தில் உளுத்து உடைந்தது. அத்தாவின் கூட்டாளிகளுக்குப் பேச விஷயம் கிடைத்தது. மாலையானால் நடைபாதையில் பெஞ்சு போட்டு, கோப்பி குடித்துக்கொண்டே முனிசிபலைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள்.

"வரி மட்டும் வாங்கத் தெரியுது. ஒரு பலகை போட ஆளில்ல லா!" என்பார் அத்தா. பிறகு எல்லோரும் லோங்காங்கைக் கவனமாகத் தாண்டி வீட்டுக்குப் போவார்கள்.

சாச்சி எதற்கும் வாய் திறக்கமாட்டார். அம்மாவின் தங்கை அவர். நான் பிறந்தபோது பிரசவத்துக்குத் துணையாக நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அங்கே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. குமரிப்பெண்ணைத் தக்க துணையில்லாமல் அனுப்ப முடியுமா? "அடுத்த கப்பலுக்குப் பாப்போம்" என்று அத்தா ஒவ்வொரு கப்பலுக்கும் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் சாச்சியின் மரப்பெட்டி கட்டிலடியில் கட்டிவைத்தபடியே இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மசாலா அரைக்கும் அவர் கை சற்று நிற்கும். அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஊரிலிருந்து வந்த உறவினர், அந்த மாப்பிள்ளை வேறிடத்தில் நிக்காஹ் முடித்துவிட்டதாகச் சொன்னார். அம்மா அழுதார். அத்தா கப்பல்காரர்களைத் திட்டினார். சாச்சி அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த வாரமே நான் லோங்காங்கில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். சாச்சிதான் இறங்கித் தூக்கினார். கூட்டாளிகள் அன்று மாலை வழக்கத்தைவிடச் சூடாகப் பேசினார்கள்.

மறுநாள் விடியுமுன் ஆண்கள் சுபுஹு தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், சாச்சி தன் பெட்டியின் மூடியைக் கழற்றி லோங்காங்கின்மேல் போட்டு, குழவியால் ஆணி அடித்தார். தொழுதுவிட்டுத் திரும்பியவர்களுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, நாம போட்ட சத்தம்!" என்றார் ஒருவர். அத்தா மட்டும் அதில் காலை வைக்காமல் தாண்டி வந்தார்.

"பெட்டிக்கு மூடி வேணாமா சாச்சி?" என்று கேட்டேன்.

"அது இனிமே எங்கே போவப்போவுது, தங்கம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாச்சி இனி எங்களோடேயே இருப்பார்! மூடிமேல் குதித்துக் குதித்துத் தெருவுக்கெல்லாம் அதைச் சொன்னேன். அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. உள்ளே அம்மியின் சத்தம் நிற்கவில்லை. சாச்சிக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.