கனீஸ் பாத்திமாவின் கசரத்து

ஆடினாளாம்! புருஷனை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கனீஸ் பாத்திமா ஆடினாளாம். யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது, இரண்டு பெண்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் முல்லா வீதி முழுக்கக் கதை போய்விட்டது. தொடை எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவள் ஆட வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டாமா? கட்டில் விளிம்பை விட்டால் நிற்க முடியாத நாள் அது. நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்த சத்தத்தைத்தான் தெரு கேட்டது. ஏழாவது முறை முழங்கால் கைவிட்டுவிடும், தொம்மென்று விழுவாள். விழுந்ததற்குச் சிரித்தவளும் அவள்தான்; கூடச் சிரித்தவள் உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்.

வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருஷமாகத் துணி மூட்டையைத் தோளில் போட்டு வீடு வீடாக விற்கிறாள். நைட்டி, உள்பாவாடை, வாயில் சேலை, பெருநாள் நெருங்கினால் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை. காலையில் வைத்திக்குப்பம், வெயில் ஏறுவதற்குள் கருவடிக்குப்பம். அந்த மூட்டை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்தே இருக்கும். "எல்லாரும் வாடக குடுத்துக் கட வெச்சிருக்காங்க. எங் கட எங் காலுலதான் கீது" என்பாள்.

தை மாதத்தில் அவள் கணவர் குத்புதீன் இறந்துபோனார். ஆறாம் நாள் காலை, கொல்லையில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாளில் வாசல் தாண்டலாமா என்று அதற்கும் நாலு பேர் வாசலில் நின்று வாதாடினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், "எலும்பு ஒடஞ்சவளத் தூக்கிட்டுப் போவாம இன்னா பேச்சு?" என்று ஒரே அதட்டில் ஆட்டோவை வரவழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் மிச்ச நாள்களை வீட்டுக்குள்ளேயே எண்ணினாள். நான்கு மாதம் பத்து நாள். அதில் அவளுக்குச் சலிப்பே இல்லை. "முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்த மனுசன். அவருக்காக நாலு மாசம் உக்காந்தா தேஞ்சா போயிடுவேன்?"

அவளைக் குடைந்தது வேறு. மகன் முஹம்மது ஆரிப் சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. "இத்தா முடியுற அன்னிக்கு வீட்டப் பூட்டிட்டு ஒன்னக் கூட்டிட்டுப் போயிடுறேம்மா" என்றான்.

"அன்னிக்கி நான் யாரு கையும் புடிக்காம தெருமொன வரைக்கும் நடந்துட்டா?"

"நடந்துட்டா, நீ இங்கியே இரு. ஒம்பாடு."

இப்படித்தான் மேனகா வந்தாள். ஹெல்மெட்டும் ஷூவுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கும் பிசியோதெரபிப் பெண். முதல் நாளே கனீஸ் பாத்திமாவைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளச் சொன்னாள்.

"ஒடஞ்சது காலு. கைக்கு எதுக்கும்மா கசரத்து?"

"ஒடம்பு முழுக்க பலம் இருந்தாத்தாம்மா காலு தைரியமா நிக்கும். தள்ளுங்க."

தள்ளினாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினாள். ஒருகிலோ உப்புப் பொட்டலத்தைக் கணுக்காலில் கட்டிக் காலை உயர்த்தினாள். எண்ணிக்கை மட்டும் அவள் தொழில் எண்ணிக்கை; ஒன்று என்று சொல்ல மாட்டாள், "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் தொடங்குவாள். பத்தாவதோடு நிறுத்தவும் அவளுக்கு மனசு வராது. துணி அளந்தால் கடைசியில் நாலு விரல்கடை கூடுதலாக விட்டுக் கிழிக்கிற கை. கசரத்திலும் மேனகா போனபிறகு கொசுறாக ஐந்து போட்டாள், பிறகு பத்து. மூன்றாம் வாரம் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. ஐந்து நாள் படுக்கை. இருந்த நாளே குறைவு, அதிலும் ஐந்து போயிற்று.

மேனகா தலையில் அடித்துக்கொண்டாள். "எலும்பு இன்னா ஒங்க கஸ்டமரா, கொசுறு குடுத்து வளைச்சுப் போட?"

"கொறச்சுக் குடுத்துப் பழக்கமில்லடி" என்று முனகினாள் கனீஸ் பாத்திமா. அன்று மட்டும் அவள் கண் நிறைந்தது. ஆரிப் சொன்ன மூன்றாவது மாடி அவளுக்குக் கிட்டத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு பத்து என்றால் பத்துதான்.

வைத்திக்குப்பத்து மீன்காரி அஞ்சலாட்சி வாரம் தவறாமல் நெத்திலியோடு வந்து உட்காருவாள். "சீக்கிரம் வா யக்கா. நீ வராம எங்க குப்பத்துப் பொம்பளைங்கல்லாம் கிழிஞ்ச நைட்டியோட திரியுதுங்க."

பக்கத்து வீட்டு லமீஸும் ஒருநாள் வந்தாள். ஆட்டக் கதையைக் கிளப்பியவளே அவள்தான். நலம் விசாரிக்கிற சாக்கில் கண்ணால் வீட்டைத் துழாவினாள். கனீஸ் பாத்திமா கோபப்படவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டு, "ஒக்காரு. கைய மார்மேல கட்டிக்க. புடிக்காம எந்திரி. பத்துத் தரம்" என்றாள். லமீஸுக்கு வயது நாற்பது. ஐந்தாவதில் மூச்சு வாங்கியது, ஆறாவதில் தொம்மென்று விழுந்தாள். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"இன்னாக்கா இது, தொட இப்புடி நடுங்குது!"

"நீ சொன்னியே, அந்த ஆட்டம்தான். நாளைக்கும் வந்து ஆடு."

வந்தாளே! மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். இடுப்புவலி குறைந்தது என்று இப்போது தெருவுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் கட்டிலடிக்குப் போனது. தாழ்வாரத்தில் பின்கதவுக்கும் முன்கதவுக்கும் இடையே இரண்டு கையிலும் தண்ணீர் வாளி பிடித்து நடந்தாள். வாளி தளும்பினால் நடை கோணல் என்று அர்த்தம் என்று மேனகா சொல்லியிருந்தாள். முதலில் தாழ்வாரமே நனைந்தது. கடைசி வாரம் துடைக்க வேலையில்லை.

நூற்று முப்பது நாளும் முடிந்தன. ஆரிப் முந்தின நாளே வந்துவிட்டான், சூட்கேஸ் ஒன்று காலியாகவும் கொண்டுவந்திருந்தான். காலையில் குளித்து, தொழுது, கஞ்சிபோட்ட வெள்ளைச் சேலையில் கனீஸ் பாத்திமா முன்கதவுக்கு வந்தாள். எதிர்த் திண்ணையில் பெண்கள் கூடி நின்றார்கள். ஆரிப் ஓடிவந்து கதவு நிலைக்கு வெளியே நின்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், இரண்டையும் தொடவில்லை. கம்பி வைத்த காலில் உடம்பு முழுவதையும் நிறுத்தினாள். மறுகாலைத் தூக்கி, குனிந்து, செருப்பின் பின்வாரை நிதானமாகக் குதிகாலுக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டு, தெருமுனையைப் பார்த்துப் படியிறங்கினாள்.