உப்பளத்தில் அளந்த மூச்சு

1. சந்தேகம்

"தூத்துக்குடி ரிசல்ட்டை எல்லாம் கிழிச்சுப் போட்டுருங்க" என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சொன்னபோது, நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் நாசரேத்துக்காரி. திருநெல்வேலியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜி லேப் டெக்னீஷியன். நெடுநேரம் உழைத்துப் பழகியவர்களின் தசை எதை அதிகம் எரிக்கிறது, சர்க்கரையையா கொழுப்பையா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

செய்முறை எளிது. வெறும் வயிற்றில் வந்தவர், மெட்ரோனோம் என்ற தாளக் கருவி தட்டும் வேகத்தில் ஒரு மரப்பெட்டி மேல் பத்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். மூக்கில் கிளிப், வாயில் மவுத்பீஸ். கடைசி இரண்டு நிமிடம் அவர் விடும் மூச்சைப் பெரிய ரப்பர் பையில் பிடிப்போம். உடல் வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடை, அது எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் வருவது ஆர்.க்யூ. அது ஒன்றை நெருங்கினால் பெரும்பாலும் சர்க்கரை எரிகிறது. 0.7 பக்கம் இறங்க இறங்கக் கொழுப்பு.

எங்கள் மாணவர்களுக்கு ஒன்றை ஒட்டி வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமக்கும் பத்துப் பெண்களுக்கு 0.8 பக்கம் வந்தது. டாக்டர் நம்பவில்லை.

"கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியா கசியும். நீங்க பையை பஸ்ல கொண்டு வர்றதுக்குள்ள குறைஞ்சிருக்கும்."

அதில் தப்பில்லை. மாணவர்களின் பையை லேபில் இருந்த அனலைசரில் உடனே சோதித்தோம். உப்பளப் பைகள் மூன்று மணி நேரம் கிடந்தவை. ஆனால் அந்தப் பெண்கள் ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஒருத்திக்கும் சரியாக வியர்க்கக்கூட இல்லை.

"அனலைசரையே அங்கன கொண்டு போயிருவோமா சார்?"

"அது முழுக்கக் கண்ணாடி. உடைஞ்சா ப்ராஜெக்ட்டே முடிஞ்சுது."

"மடியில வச்சுக்கிடுதேன் சார்."

2. மடியில் அனலைசர்

அனலைசரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் டாக்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"பிள்ளைக்கு மொகத்தைத் திறந்து விடுங்கம்மா. மூச்சு முட்டப் போவுது."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உப்பளக் கொட்டகையில் ஒரு மேசையைச் சரிபார்த்து அனலைசரை நிறுத்தினேன். முதலில் ஏறியவள் மாரி. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, அந்தப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. பை நிறைந்ததும் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் காற்றை அனலைசருக்குள் இழுத்தேன். இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை டாக்டரே பார்த்தார். அதே 0.8.

டாக்டர் ரப்பர் பையைத் தடவித் தடவிக் கசிவு தேடியதைப் பார்த்து மாரிக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஏளா, நான் ஏதும் தப்பா ஏறிட்டனா?"

"இல்லக்கா. சரியா ஏறுனதுதான் இப்பம் பிரச்சினை."

"அப்பம் டாக்டரய்யாவும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டுமே."

டாக்டரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஷூவைக் கழற்றினார். நல்ல கனத்த உடம்பு. ஆறாவது நிமிடத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"விட்டுராதிய அய்யா, இன்னும் கொஞ்சந்தான்."

பத்து நிமிடத்தை முடித்துவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். அவருடைய ஆர்.க்யூ. ஏறத்தாழ ஒன்று.

"நான் ஃபெயில்" என்றார் மாரியிடம். கொட்டகை முழுவதும் சிரிப்பு.

3. மாரி சொன்ன வைத்தியம்

"எங்க ஒடம்பு என்ன செய்யுதுன்னு வெளங்குத மாதிரி சொல்லுங்க" என்று மாரி கேட்டாள்.

டாக்டர் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "தினமும் மணிக்கணக்கா உழைக்கிற தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு சின்னச் சின்ன அடுப்புங்க பெருகும். கொழுப்பை எரிக்கிறது அதுதான். எனக்கு அது கம்மி. அதனால சர்க்கரையை மளமளன்னு செலவழிச்சிட்டு ஓய்ஞ்சு போறேன். உங்க தசை கொழுப்பை எரிச்சிக்கிட்டு சர்க்கரையை மிச்சம் பிடிக்குது. சாயங்காலம் வரைக்கும் தாங்குறது அதனாலதான்."

"அப்பம் நீங்களும் தெனமும் நடங்க. அடுப்பு கூடட்டும்."

அவர் அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வேக நடை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் நாங்கள் உப்பளத்துக்குப் போனோம். அதே பெட்டி, அதே வேகம். டாக்டரின் ஆர்.க்யூ. மாரியின் அளவுக்கு வரவில்லை, ஆனாலும் தெளிவாக இறங்கியிருந்தது. நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் மாரி உப்பு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏளா, அய்யா பாஸாயிட்டாவ."

கொட்டகையிலேயே மறுபடி அளந்த அந்தப் பத்துப் பெண்களின் ரிசல்ட்டும் எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் அட்டவணையாக வந்தது.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிர்பாராத எண் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். சோதித்துப் பார்த்துக் கருவி சரிதான் என்று தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் அந்த எண்ணைக் கிழித்துப் போட உங்களுக்கு உரிமையில்லை. மாரியின் 0.8-க்குப் பின்னால் பதினைந்து வருடம் அவள் சுமந்த உப்பு இருந்தது.