சிவராணி அக்கா சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

இந்த நாட்டில் சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்ததிலிருந்து பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவை நடத்தும் கிரஹாம் ஓயாமல் புலம்புவார். யாரையாவது பிடித்து ஏற்றிவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இன்று பிடிபட்டவர் என் பக்கத்து வீட்டு சிவராணி அக்கா. யாழ்ப்பாணத்தை விட்டு இங்கே வந்தபின் அவர் சைக்கிள் ஏறுவது இதுதான் முதல் தடவை. கிரஹாம் தன் கராஜில் சரிசெய்து கொடுத்த பழைய சைக்கிள்.

சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் அக்கா எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். கிரஹாமுக்கே மூச்சு வாங்கியது.

சந்தியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அக்கா சட்டென்று இறங்கி, தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்ட ஆரம்பித்தார்.

"சைக்கிள்ல ஏதாச்சும் பிரச்சனையாக்கா?" என்றேன்.

"இல்லையடா. அங்க யாழ்ப்பாணத்தில ஆமிக்காரன் சென்றியில காவலுக்கு நிண்டா இறங்கித்தான் உருட்டவேணும். கால் தன்ர பாட்டில இறங்கிட்டுது."

கிரஹாமிடம் மெதுவாகச் சொன்னேன். உடனே அவரும் இறங்கி உருட்டினார். பின்னால் வந்த எல்லோரும் இறங்கினோம். ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையுமாக ஊர்வலம் போலப் போனோம்.

போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாருக்குமா பஞ்சர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, போலீஸ்காரர் கண்முன்னாலேயே ஏறி மிதித்தார்.

அந்த மனிதர் இன்று வீட்டுக்குப் போய் எங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? உங்களுக்குத் தோன்றுவதை எனக்குத் தனியாக அனுப்பாமல், நம் தமிழ் மின்னஞ்சல் குழுவுக்கே எழுதுங்கள். அக்காவும் படிக்க வேண்டும்.