கட்டிலுக்கு எதிரே குருவிப் படம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் எந்தப் படமும் தாங்காது. கல்யாண போட்டோவே கண்ணாடிக்குள் பூசணம் பூத்துக் கிடந்தது. அதனால்தான், சர்ரியலிச ஓவியங்களை அலுமினியத் தகட்டில் அச்சடித்து விற்கிறார்கள் என்று போனில் பார்த்ததும் ஒன்றை வாங்கினேன். ஈரத் துணியால் துடைத்தால் போதுமாம். படத்தில், நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கழுத்துக்கு மேலே முகம் இருக்காது, குருவிகள் பறந்துகொண்டிருக்கும். கல்லூரி நாளிலிருந்தே இந்த மாதிரி கனவில் வருகிற படங்கள் என்றால் எனக்கு உயிர்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முந்தையது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது.

"பிள்ளத்தாச்சி முழிச்சதும் பாக்குத படமா இது? மூஞ்சியில்லாத பொம்பளைய கொண்டாந்து மாட்டிருக்க" என்றார் மாமியார்.

கர்ப்பிணி பார்க்கும் முகம்தான் பிள்ளைக்கு வரும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. கொழுகொழு குழந்தை போட்ட காலண்டரை வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டுவார்கள்.

"அப்படின்னா ஊருல எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் காலண்டர் மூஞ்சில்லா இருக்கணும், அத்தை?" என்று கேட்டேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். வாயாடுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. காலண்டர் வரவேண்டிய இடத்தில் என் குருவிப் படம் இருந்தது.

அடுத்த வாரம் தென்காசியில் ஸ்கேன். கணவர் போலீஸ்காரர், இரவுப் பணி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார்தான் கூட வந்தார். டாக்டரம்மா தலை, முதுகு, கை, கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

"முகம் தெரிய மாட்டேங்குது" என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிள்ளை குப்புறக் கெடக்குதுன்னு நினைக்கேன். உதடு, மூக்கு பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஜூஸ் குடிச்சிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

மாமியார் ஜூஸ் வாங்கப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். வராந்தாவில் நடந்தேன். என்ன படித்து என்ன, கண்ணை மூடினால் அந்தக் குருவிகள்தான் வந்தன. கணவரைப் போனில் எழுப்பினேன்.

"அந்தப் படத்தக் கழட்டுங்க."

"எதுக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இப்பவே கழட்டுங்க. கேள்வி கேக்காதீங்க."

மறுபடி உள்ளே போய்ப் படுத்தபோது திரையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆங், திரும்பிட்டு. மூக்கு, உதடு எல்லாம் நல்லா இருக்கு."

ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது மாமியாருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "நீ சொன்னதுதான் சரி. படத்தப் பாத்தா பிள்ளைக்கு என்ன ஆவப்போவுது? அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும்" என்றார். போனில் கழட்டச் சொன்னதை அவரிடம் சொல்லாமல் தலையாட்டினேன்.

அறைக்குள் நுழைந்ததும் மாமியார் வெறும் சுவரைப் பார்த்தார்.

"ஏலே, யாரு கழட்டுனது?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் கழட்டச் சொன்னேன், அத்தை. பயந்துட்டேன்."

மாமியார் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, நானுந்தான்" என்றார்.