தெரியாமல் இடித்ததா, வேண்டுமென்றே இடித்ததா

அன்றைக்குச் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது, புளியம்பட்டியிலிருந்து அன்னூர் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். "லைட்டு உடைஞ்சதுக்கா இவ்வளவு கோவம்?" என்று பெரியவள் கேட்டாள். "இன்சூரன்சு இருக்குதுல்லங்கப்பா?" என்று சின்னவன் கேட்டான். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பம்புசெட்டுக் கம்பெனியில் லேத்து ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

பெரியப்பா மகளுக்கு, அதாவது உங்கள் அக்காவுக்கு, மறுநாள் நிச்சயம் என்று முதல் நாள் சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டோம். பெரியப்பா வீடு இருக்கும் காலனிச் சந்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கார் உள்ளே போகாது. அதனால் ஊருக்குள் பால் சொசைட்டிக்கு எதிரே, புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

ஊர் வேறு, காலனி வேறு. நீங்கள் சிங்காநல்லூரில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்த வித்தியாசம் உங்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் உங்கள் அம்மாவும் நினைத்திருந்தோம். என் அப்பா காலத்தில் எங்கள் ஆட்கள் ஊர்க்காரர்களின் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். ஊருக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இப்போது அப்படியெல்லாம் இல்லை. எங்களில் ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் மில்லில் இருக்கிறார், அக்கா கோயமுத்தூரில் நர்ஸ். ஆனாலும் எங்களில் ஒருவனுடைய சொந்தக் கார் அந்தப் புளியமரத்தடியில் ஒரு ராத்திரி முழுக்க நின்றது அதுதான் முதல் தடவை. பழைய வண்டிதான். என்றாலும் நம் குடும்பத்தின் முதல் கார்.

காலையில் சீர்த்தட்டை எடுக்கப் போனேன். டிக்கியில் ஒரு பக்கம் ஒடுக்கு விழுந்திருந்தது. சிவப்புக் கண்ணாடி தரையில் சிதறிக் கிடந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, வண்டியை ஆராச்சும் இடிச்சாங்களா, பாத்தீங்களா?"

"நாங்க இப்பத்தான் வந்தோம்" என்றார் ஒருவர்.

வயதானவர் கேட்டார்: "வண்டி ஆரோடது? வாடகைக்குப் புடிச்சதா?"

"சொந்த வண்டிங்க."

"அப்படியா. இங்கெதுக்கப்பா கொண்டாந்து உட்டே? இது வண்டி திரும்பற எடமாச்சே."

அவ்வளவுதான் பேச்சு. இதில் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. வண்டி திரும்புகிற இடம் என்பதும் உண்மைதான். ஆனால் நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கும்போது "இங்கெதுக்கு உட்டே" என்பது மட்டும் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இடம் பற்றிச் சொன்னாரா, என்னைப் பற்றிச் சொன்னாரா?

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. நான்தான் பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. பெரியப்பா என்னை வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

"உடு. லைட்டுதானே? மாத்திக்கலாம்."

"வேணும்னே இடிச்சிருந்தா என்னங்கண்ணா பண்றது?"

"வேணும்னே இடிச்சாலும் தகரந்தான் நசுங்கும், தெரியாம இடிச்சாலும் தகரந்தான் நசுங்கும். பேசாம இரு. கல்யாணத்தன்னிக்கு வாய்க்கா மேட்டு வழியா போயிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு அக்காவை நம் காரில்தான் சத்தியமங்கலம் மண்டபத்துக்குக் கூட்டிப் போவது என்று பேசி வைத்திருந்தோம். அதுவும் ஊர் ரோட்டிலேயே, கடைகளுக்கு நடுவிலேயே போவது என்று. பெரியப்பா கல்யாணத்துக்கு எல்லாரும் வாய்க்கால் மேட்டு மண் பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தே போனார்கள். யாரும் அப்படிப் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் கல்யாணமும் அப்படியேதான். இவள் ஒருத்தியாவது நேர் வழியில் போகட்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை. இப்போது ஒரு ஒடுக்கைப் பார்த்துவிட்டு அவரே பின்வாங்குகிறார்.

அக்கா பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏனுங்கப்பா, வாய்க்கா மேட்டுல போனா என்ற சேலையெல்லாம் புழுதியாயிருமுங்க. வேணும்னா யூனிபார்ம் போட்டுட்டு வாரேன்."

"வாயப் பாரு" என்றார் பெரியப்பா.

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பை விட்டுவிட்டாள். "சித்தப்பா, எனக்கு எந்த ரோடுன்னாலும் சரிங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னே தெரியாம பயந்துட்டுப் போக மாட்டேன். ஆரு இடிச்சாங்க, எதுக்கு இடிச்சாங்கன்னு பாருங்க. பயப்படறதா இருந்தா தெரிஞ்சு பயந்துக்கலாம்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இன்சூரன்சுக்காரர்கள் போனில், இடித்த வண்டி நம்பர் இருக்கிறதா, ஸ்டேஷனில் சொல்லியாயிற்றா என்று கேட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் யார் மேல் சந்தேகம் என்பார்கள். நான் யார் பேரைச் சொல்வேன்? ஒரு பேரைச் சொன்னால் கல்யாணம் முடிகிற வரைக்கும் பெரியப்பா அந்த ஊரில் அல்லவா நடமாட வேண்டும்?

பால் சொசைட்டி வாசலில் ஒரு கேமரா இருந்தது. அங்கே பால் அளக்கிற அம்மாவிடம் அன்றைக்கே கேட்டேன். "தலைவரைக் கேக்கணுங்கண்ணா. அவரு ஈரோடு போயிருக்கறாரு. பத்து நாளைக்கு மேல அது தங்காதுங்க, அழிஞ்சுரும். அதுக்குள்ள வாங்க" என்றார். அந்த அம்மாவும் ஊர்க்காரர்தான். தட்டிக் கழிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் நிற்கும் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். சின்னவன் சைக்கிளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினான் என்று கத்தினேன். சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்த ஒரு ஸ்கூட்டர்காரரிடம் இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம், பச்சை விழுந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் ஒரு ஷாஃப்டை அளவு குறைத்துக் கடைந்துவிட்டு ஃபோர்மேனிடம் பேச்சு வாங்கினேன். உங்கள் அம்மா, "ஏனுங்க, ஒரு நாள் லீவு போட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க. இல்லாட்டி இந்த ஊட்டுல ஒருத்தரும் நிம்மதியா ஒரு வாய் திங்க முடியாது" என்றாள்.

போனேன். காலைப் பால் ஊற்றிவிட்டு எல்லாரும் போன பிறகு அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார்.

"தலைவரு பாக்கலாம்னு சொல்லீட்டாருங்க. இந்தா, இங்க பாருங்க."

விடியற்காலை. நம் கார் மரத்தடியில் நிற்கிறது. ஒரு பூ டெம்போ வருகிறது. பின்னால் மூட்டை மூட்டையாக மல்லிகை. எதிரில் டவுன் பஸ் வந்துவிட, டெம்போ வழிவிடப் பின்னால் எடுக்கிறது. எடுத்த வேகத்தில் நம் கார் மேல் ஒரு இடி. பஸ் நிற்காமல் போய்விடுகிறது. டெம்போக்காரன் இறங்குகிறான். ஒடுக்கைத் தடவிப் பார்க்கிறான். தலையில் கை வைத்துக்கொள்கிறான். சுற்றிப் பார்க்கிறான், ஒரு ஆளும் இல்லை. போனைப் பார்க்கிறான். மூட்டைகளைப் பார்க்கிறான். ஏறிப் போயே விட்டான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்னங்கண்ணா, வண்டிய இடிச்சுப்போட்டு ஓடறான், சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அந்த அம்மா படத்தை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "நா அன்னிக்குச் சாயங்காலமே இதப் பாத்துட்டேனுங்க" என்றார்.

"அப்பவே எங்கண்ணன் ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எப்படிங்க சொல்றது? நீங்க நெனைக்கறாப்புல இல்லீங்கன்னு சொல்லோணும். அப்ப நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்னு ஆயிருமில்ல? அது எப்படி மூஞ்சியப் பாத்துப் பேசறது?"

நானும் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மரியாதைக்குப் பேசாமல் இருக்கிறோம். அந்த மரியாதைக்கு நடுவில்தான் நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

டெம்போக்காரன் பக்கத்து ஊர் ஆள். அந்த அம்மாவே நம்பர் தேடிக் கொடுத்தார். போன் போட்டு, நான் காலனியில் இன்னாருடைய தம்பி, அது என் வண்டி என்றேன்.

"அண்ணா, பூவுங்கண்ணா! மார்க்கெட்டுல ஏலம் முடிஞ்சுட்டா அதை ஒருத்தனும் சீந்தமாட்டான். நா நின்னுருந்தா அத்தனையும் குப்பைங்கண்ணா."

"ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதி வெச்சுட்டுப் போறதுக்கென்ன?"

"பேனா இல்லீங்கண்ணா."

"திரும்பி வரும்போதாச்சும் கேட்டிருக்கலாமே?"

"டவுன் வண்டின்னு நெனச்சுப்போட்டேனுங்க. பெரிய ஊட்டு ஆளுக, சத்தம் போடுவாங்கன்னு பயந்துட்டேன். உங்க வண்டின்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனுங்க."

"ஆரு வண்டியா இருந்தாலும் வரணும் தம்பி" என்று சொன்னேன். ஆனால் கோபமாகச் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்துப் பயந்து ஓடியவன் ஒருவன் அந்த ரோட்டில் இருக்கிறான் என்பது எனக்கு அப்படி ஒரு வேடிக்கையாக இருந்தது. தனக்குத் தெரிந்த டிங்கரிங் கடையிலேயே சரிசெய்து தருகிறேன் என்றான். சொன்னபடி செய்தும் கொடுத்தான்.

அம்மணி, பெரியவளே, நீ கெட்டிக்காரி. நான் வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும், "இடிச்சுட்டு ஓடுனவனப் பாத்து எதுக்குங்கப்பா சந்தோசப்பட்டீங்க?" என்று கேட்டாய். அதற்குப் பதில் இதுதான். மற்றவர்களுக்கு வண்டி இடிபட்டால் எவன் இடித்தான் என்று கோபம் வரும். எனக்கு அந்தக் கோபமே அன்றைக்கு வரவில்லை. வேறொன்று வந்தது, எங்கள் ஆள் வண்டி என்று இடித்தார்களோ என்ற பயம். அது இல்லை என்று தெரிந்ததும் இடி வாங்கியவனே சிரித்தேன். சொசைட்டியிலிருந்து திரும்பும் வழியில் அன்னூர் வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. ஒருவன் சும்மா இடித்துவிட்டு ஓடியதை நல்ல சேதியாக நினைக்கிற இடத்தில் என்னை வைத்திருக்கிறார்களே என்று.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சரி, அன்னிக்கு அது பூவண்டின்னு தெரிஞ்சுது. கல்யாணத்தன்னிக்கு என்ன நடக்கும்னு அந்தக் கேமராவுல தெரிஞ்சுதா?" என்றார்.

அக்காதான் முடிவு செய்தாள். "சித்தப்பா போயிக் கேட்டுட்டு வந்துட்டாங்க. இனி ஊர் ரோடுதானுங்கப்பா" என்றாள்.

கல்யாணத்தன்று பெரியப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அக்காவும் உங்கள் அம்மாவும் பெரியவளும். சின்னவன் பெரியம்மாவோடு வேனில் வந்தான். ஊர் முக்கில் திரும்பியதும் பெரியப்பா ஆரம்பித்தார்: "சீக்கிரம் போ. சீக்கிரம் போ."

பின்னாலிருந்து அக்கா, "மெதுவாப் போங்க சித்தப்பா. இந்தச் சேலையக் கட்டறதுக்குள்ள உசுரு போச்சு. நாலு பேரு பாக்கட்டும்" என்றாள்.

மளிகைக் கடை தாண்டியது, சொசைட்டி தாண்டியது. டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்து ரோட்டுக்கு வந்து கையை உயர்த்தினார்.

"நிறுத்தாதே" என்றார் பெரியப்பா.

என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. யோசித்து மிதித்தேன் என்று சொல்லமாட்டேன். அந்த ஆள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அன்றைக்கு என்னிடம் பேசியவர்தானா என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு நான் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் அல்லவா தெரியும்?

"முந்தானை கதவுல மாட்டி ரோட்டுல இழுபடுதுப்பா. பாத்துப் போகக் கூடாதா?"

அக்கா கதவைத் திறந்து இழுத்துக்கொண்டாள். "கிழிஞ்சிருச்சுங்களா?"

"கிழியல. தூசிதான். தட்டுனாப் போயிரும்." அவர் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

வேறொன்றும் நடக்கவில்லை. பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் கையைத் தூக்கியதற்கும் வாயைத் திறந்ததற்கும் நடுவில் எனக்கு என்ன பயம் வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது உங்களுக்கு வரக் கூடாது. வந்தாலும் இறங்கிப் போய்க் கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதற்குப் பிறகு பெரியப்பா சீக்கிரம் போ என்று சொல்லவில்லை. மெதுவாகப் போ என்றும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வரும் வரைக்கும் நான் செகண்ட் கியரிலேயே போனேன்.