தமிழில் தேடினேன், எங்கள் ஊர்ச் செய்தியைக் காணோம்

என் மூன்று வயது மகள் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சோர்ந்து படுத்தாள். சிறுநீரும் மஞ்சளாகப் போனது. வெயில் சூடா, மஞ்சள் காமாலையா? குழப்பத்தோடு, மருத்துவச் செய்திகளைத் திரட்டித் தரும் இணையதளம் ஒன்றில் தமிழில் தேடினேன். எல்லாம் தமிழ்நாட்டுச் செய்திகள், பாதி பழையவை. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வாளையார் பக்கம் காமாலை என்று ஒரு வரிகூட இல்லை. நிம்மதியடைவதா, பயப்படுவதா? சூடாகத்தான் இருக்கும் என்று இளநீர் கொடுத்தேன்.

மாலையில் வந்த நாத்தனார் என் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க அண்ணி, நம்ம பஞ்சாயத்துச் சேதிய கோயமுத்தூர்க்காரங்களா எழுதுவாங்க? மலையாளத்துல போட்டுப் பாருங்க."

நான் கோவையில் படித்தவள். மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவளே நோயின் பெயரோடு பாலக்காடு என்றும் மலையாளத்தில் சேர்த்து, 'இந்த வாரம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். முதல் செய்தியே எங்கள் பஞ்சாயத்தில் காமாலை பரவுவதாகச் சொன்னது. அவள் சிரிப்பு நின்றது.

"பாப்பாவத் தூக்குங்க அண்ணி, கெளம்பலாம்."

காமாலைதான். ஆரம்பத்திலேயே குழந்தையைக் கூட்டி வந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மகள் தேறிவிட்டாள்.

இப்போது இரண்டு மொழிகளிலும், ஊர்ப் பெயர் சேர்த்து, தேதி பார்த்துத் தேடுகிறேன். சரியாகத் தேடினேனா என்ற சந்தேகம் மட்டும் தீர்வதில்லை. அதனால் செய்தி எதுவும் கிடைக்காவிட்டாலும் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்.